பள்ளி வாசலில் ‘டேபிள் டாப்’ கடவை: மனு எழுதுவதிலிருந்து முதல் மழை வரை

எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் ஜீப்ரா கோடு பல வருடங்களாக இருந்தது. அதற்காக ஒரு வண்டி நின்று நான் பார்த்ததில்லை. காலை எட்டேமுக்காலுக்குப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அதே கோட்டின் மேல்தான் எதிர்வரிசையில் பூ விற்கும் அக்காவை ஒரு பைக் அடித்துத் தூக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்து அலைந்து, 22 மாதம் கழித்து அந்த இடத்தில் மேடை போன்ற ஒரு கடவையைக் கொண்டுவந்தோம். அந்த 22 மாதத்தில் எட்டு மாதம் தப்பான அலுவலகத்தில் தப்பான வார்த்தையோடு நின்றதால் வீணானது. அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். ‘வேகத்தடை வேண்டும்’ என்று மனு கொடுக்காதீர்கள். கேட்டால், ஒரு ராத்திரியில் அரை மீட்டர் அகலத்துக்குத் தாரைக் குவித்துவிட்டுப் போவார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தூக்கி எறியப்படுவது அதில்தான். நீங்கள் கேட்க வேண்டியது ‘உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை’. பொறியாளர்கள் பேச்சில் ‘டேபிள் டாப்’ அல்லது ‘ரெய்ஸ்டு கிராசிங்’. ஜீப்ரா கோடு போடும் இடத்தையே சுமார் 10 செ.மீ. உயர்த்தித் தட்டையான மேடையாக்கி, இரண்டு பக்கமும் சாய்வு கொடுப்பது. நடப்பவர் கிட்டத்தட்ட நடைபாதை மட்டத்திலேயே கடந்துவிடுவார், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

## 1. சாலை யாருடையது?

நாங்கள் சறுக்கியது இங்கேதான். ஊருக்குள் ஓடுகிற சாலை, குப்பை அள்ளுவது நகராட்சி, விளக்குப் போடுவது நகராட்சி. அதனால் சாலையும் நகராட்சியுடையது என்று நினைத்தோம். மூன்று மனு கொடுத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்கூட வந்தது. எட்டாவது மாதம்தான் ஒரு எழுத்தர், “இது ஹைவேஸ் ரோடு சார், நாங்க கை வைக்க முடியாது” என்றார்.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் பல இடங்களில் கல் புதைந்து போயிருக்கும், அல்லது கடைக்காரர் அதில் பெயிண்ட் அடித்திருப்பார். அதனால் எழுத்தில் பதில் வாங்குவதுதான் உறுதி.

அதற்கு வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஒரே மனுவில் இவற்றைக் கேளுங்கள்: இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது? எந்தப் பிரிவு, எந்த உதவிப் பொறியாளரின் எல்லை? கடைசியாக எப்போது தார் போடப்பட்டது? அடுத்து எப்போது போடத் திட்டம்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாலையைப் புதுப்பிக்கும் மதிப்பீடு தயாராகும் நேரத்தில் உங்கள் கடவையும் அதில் நுழைந்துவிட்டால், தனி நிதி, தனி டெண்டர் எதுவும் தேவைப்படாது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு: மாநகராட்சிச் சாலையிலும் இரண்டு வகை உண்டு. பேருந்து ஓடும் பெரிய சாலைகளை பேருந்து தட சாலைகள் துறை பார்க்கிறது, உட்புறத் தெருக்களை அந்தந்த மண்டல அலுவலகம் பார்க்கிறது. நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும் சாலைகள் தனி.

உங்களுடையது தேசிய நெடுஞ்சாலை என்றால் மேடைக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே வேகத்தடைகளே கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலை. நடுவில் நின்று போகும் திட்டு, சிக்னல், சர்வீஸ் ரோட்டில் மேடை என்று கேட்டால் பேச்சு நகரும்.

## 2. வேகத்தை நீங்களே அளந்துவிடுங்கள்

“வேகமா போறாங்க சார்” என்று சொன்னால் எல்லா அதிகாரியும் தலையாட்டுவார். எண்ணைக் காட்டினால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

எங்களுக்கு ஆன செலவு ஒரு சாக்பீஸ். கடவையை நோக்கி வரும் நேர்ப்பகுதியில், ஒரு மின்கம்பத்தடியில் ஒரு கோடு போட்டோம். டேப் வைத்து 50 மீட்டர் அளந்து இன்னொரு கோடு. மொட்டை மாடியிலிருந்து, இரண்டு கோடும் தெரியும்படி போனில் வீடியோ எடுத்தோம். ராத்திரி உட்கார்ந்து, முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும் நொடியையும் இரண்டாவதைத் தொடும் நொடியையும் குறித்தோம். 180-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 வினாடி என்றால் 30 கி.மீ., 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50.

நூறு வண்டி எடுத்து, குறைந்த வேகத்திலிருந்து வரிசைப்படுத்தி, 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். பொறியாளர்கள் கேட்பது இந்த எண்ணைத்தான், சராசரியை அல்ல. எங்களுக்கு வந்தது 51.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பள்ளி விடும் நேரத்தில் அளந்தால் நெரிசலில் எல்லாம் ஊர்ந்துதான் போகும். காலை பத்தரை, பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் என்று சாலை காலியாக ஓடும் நேரத்தில் அளங்கள். சாலையோரத்தில் கும்பலாக நிற்காதீர்கள், போலீஸ் சோதனை என்று நினைத்து வண்டிகள் தாமாகவே குறைத்துவிடும்.

ஆட்களை எண்ணுவதற்கு மட்டும் நெரிசல் நேரம். ஒரு மணி நேரத்தில் கடப்பவர்கள் எத்தனை பேர், போகும் வண்டிகள் எத்தனை. பொறியாளர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: கடப்பவர் எண்ணிக்கையை, வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குவது. நடுத்தடுப்பு இல்லாத சாலையில் அது 10 கோடியைத் தாண்டினால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட கடவை, அதாவது வண்டியை நிற்கவோ வேகம் குறைக்கவோ வைக்கும் கடவை வேண்டும் என்பார்கள். 150 பேரும் 900 வண்டிகளும் இருந்தாலே 12 கோடி வந்துவிடுகிறது. பள்ளி வாசல்களில் பெரும்பாலும் சுலபமாகத் தேறிவிடும்.

மனுவில் இன்னொரு கணக்கையும் சேர்த்தோம். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறது; பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே அவ்வளவு தூரம். 30 கி.மீ. என்றால் எட்டு மீட்டர் சொச்சம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

## 3. காகிதக் கட்டு

மொத்தம் எட்டுப் பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் கட்டில் இருந்தவை:

- ஒரு பக்க மனு.
- கையால் வரைந்த வரைபடம். சாலை அகலம், நடைபாதை உயரம், பள்ளி கேட், பேருந்து நிறுத்தம், மின்கம்பம், மழைநீர் வடிகாலின் வாய் எல்லாம் அளவோடு.
- தேதி தெரியும் நான்கு புகைப்படங்கள்.
- வேகம், ஆள் எண்ணிக்கை அட்டவணை.
- மூன்று வருட விபத்து விவரம்.
- தலைமையாசிரியர் கடிதம், பள்ளி முத்திரையோடு.
- இரண்டு பக்கக் கடைக்காரர்களும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று போட்ட கையெழுத்து.

விபத்து விவரத்துக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இன்னொரு 10 ரூபாய் மனு. பாதிக்கப்பட்டவர்களின் பெயர், முகவரி கேட்காதீர்கள். தனிப்பட்ட விவரம் என்று 8(1)(j) பிரிவைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடலாம். தேதி, நேரம், இடம், வண்டி வகை, காயமா மரணமா என்று மட்டும் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், உடனே கட்டிவிடுங்கள்.

கடைக்காரர் கையெழுத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலை தொடங்கும் நாளன்று ஒரு கடைக்காரர் “என் கடை முன்னாடி வேண்டாம்” என்று நின்றால், ஒப்பந்ததாரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் மளிகைக்கடை அண்ணனிடம் நான்கு முறை போய்ப் பேசினோம். சரக்கு வண்டி எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர் கவலை. இறக்குமிடத்தை இருபது மீட்டர் தள்ளி வரைபடத்தில் குறித்துக் காட்டியதும் போட்டுக் கொடுத்தார்.

மனுவின் மைய வரி இப்படி இருக்கட்டும்: ‘ஐ.ஆர்.சி. 99-2018, ஐ.ஆர்.சி. 103 ஆகிய வழிகாட்டு நெறிகளின்படி, மேற்படி இடத்தில் உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவையும், இருபுறமும் நடைபாதை நீட்டிப்பும், எச்சரிக்கைப் பலகைகளும் அமைத்துத் தர வேண்டுகிறோம்.’ ஐ.ஆர்.சி. என்பது சாலை நெறிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். முதலாவது வேகத் தணிப்புக்கான நெறி, இரண்டாவது பாதசாரி வசதிகளுக்கானது. சக்கர நாற்காலியில் வருபவரோ பார்வையற்றவரோ அந்தப் பக்கம் இருந்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐயும் குறிப்பிடுங்கள்.

கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின் கீழ் பாதசாரிகள், சாலை வடிவமைப்பு பற்றிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இது உங்கள் கையில் இருக்கட்டும், ஆனால் முதல் மனுவில் வேண்டாம். முதல் கடிதமே வழக்கு வாசத்தோடு போனால் கோப்பு சட்டப்பிரிவுக்குப் போய் உறங்கும்.

## 4. யாரிடம், எந்த வரிசையில்

மாவட்ட ஆட்சியரிடமிருந்து தொடங்காதீர்கள். அங்கே கொடுக்கும் மனுவும் சுற்றிக்கொண்டு உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும், ‘என்னைத் தாண்டிப் போனவர்கள்’ என்ற எரிச்சலோடு. முதலில் அவரை நேரில் பாருங்கள். காகிதக் கட்டைக் கையில் கொடுத்து, “சார், ஒரு நாள் காலை எட்டேமுக்காலுக்கு வந்து பத்து நிமிஷம் எங்களோட நின்னு பாருங்க” என்று கேளுங்கள். எங்கள் பொறியாளர் மூன்றாவது முறை கூப்பிட்டபோது வந்தார். ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னாலிருந்து திடீரென்று வெளிப்பட்ட ஒரு சிறுமியை அவரே கையைப் பிடித்து இழுத்தார். அன்றிலிருந்து கோப்பு வேகமாக நகர்ந்தது.

அதன் பிறகு நெடுஞ்சாலைத் துறை என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர் (கட்டுமானம் மற்றும் பராமரிப்பு). நகராட்சி என்றால் நகராட்சிப் பொறியாளர், ஆணையர். கூடவே வார்டு கவுன்சிலரைப் பார்த்து நகர்மன்றத்தில் தீர்மானம். கிராம ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம்.

இணையாகப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் ஒரு கடிதம் கொடுத்து, ‘இங்கே தேவை’ என்ற பரிந்துரை வாங்குங்கள். மேடைக்கு எதிராக வரும் முதல் ஆட்சேபம் ‘டிராஃபிக் தேங்கும்’ என்பதுதான். அந்தக் காகிதம் அதற்குப் பதில்.

இரண்டு மாதம் அசைவில்லை என்றால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அங்கே ‘மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் பொருள் நிரலில் சேர்க்க வேண்டும்’ என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் தலைமையில் காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து அலுவலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. எங்கள் கோப்புக்கு உயிர் வந்தது அங்கேதான்.

முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணில் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாத மனு, கொடுக்காத மனு.

## 5. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

இங்கே அசந்தால் 22 மாத உழைப்பும் வேகத்தடையாக முடியும். மதிப்பீட்டோடு வரைபடம் இருக்கும். உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள், தயங்கினால் தகவல் உரிமை மனு.

உயரமும் சாய்வும். மேடை உயரம் 10 செ.மீ. பேருந்து போகும் சாலையில் சாய்வு ஒவ்வொரு பக்கமும் இரண்டு மீட்டராவது நீளட்டும். செங்குத்தாக இருந்தால் பேருந்தின் கடைசி வரிசையில் இருப்பவர் தூக்கி அடிக்கப்படுவார், ஆம்புலன்ஸுக்கும் கஷ்டம், ஒரே மாதத்தில் புகார் போய் இடித்துவிடுவார்கள். தட்டைப் பகுதி நான்கு மீட்டராவது இருக்கட்டும்.

நடைபாதை நீட்டிப்பு. இதுதான் எனக்கு மேடையைவிட முக்கியமாகப் படுகிறது. கடவை இருக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை இருபுறமும் சாலைக்குள் தள்ளிக் கட்டுவது. எங்கள் சாலை பத்து மீட்டர் அகலம், ஆனால் இரண்டு ஓரமும் எப்போதும் வண்டி நிறுத்தித்தான் இருக்கும். அந்த ஓரங்களை நீட்டிப்பு எடுத்துக்கொண்டதால் கடக்கும் தூரம் ஏழு மீட்டரானது. பூ விற்கும் அக்கா போல மெதுவாக, வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்குப் பத்து மீட்டர் கடக்கப் பன்னிரண்டரை வினாடி. அதற்குள், 50 கி.மீ.யில் வரும் பேருந்து 170 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஏழு மீட்டர் என்றால் ஒன்பது வினாடிக்குள் கரையேறிவிடுவார். நீட்டிப்பின் நுனியில் நிற்கும் பிள்ளையை, நிறுத்திய ஆட்டோ மறைக்காது என்பது அதைவிடப் பெரிய லாபம்.

தண்ணீர். ‘மேடை கட்டினால் மழைத்தண்ணீர் தேங்கும்’ என்பார்கள். உண்மைதான். கவனிக்காமல் கட்டினால் அது ஓர் அணை. மேட்டுப்பக்கத்தில் வடிகாலுக்கு வாய் வைக்க வேண்டும், அல்லது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி விட்டு, மேலே துளையிட்ட மூடி போட வேண்டும். மூடியின் துளைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

நடைபாதையோடு இணைப்பு. நடைபாதை 15 செ.மீ., மேடை 10 என்றால் நடுவில் 5 செ.மீ. படி நிற்கும். அதை 1:12 சரிவில் இழைக்கச் சொல்லுங்கள், 60 செ.மீ. நீளம் போதும். பார்வையற்றவர்களுக்கான மொட்டு ஓடுகள் அந்த விளிம்பில். நடைபாதைக்குள் கார் ஏறாமலிருக்கக் குட்டைத் தூண்கள், இடைவெளி 1.2 மீட்டர். பைக்கும் நுழையும்தான், ஆனால் அதற்காக நெருக்கினால் சக்கர நாற்காலி போகாது.

பேவர் பிளாக்கில் மேடை கட்டச் சம்மதிக்காதீர்கள். பேருந்து பிரேக் அடிக்கும் இடத்தில் கல் நகர்ந்து குழியாகும். கான்கிரீட்தான் நிற்கும். போல்ட் அடித்த ரப்பர் வேகத்தடை அதைவிட மோசம்: துண்டு துண்டாகப் பெயர்ந்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி டயரைக் கிழிக்கும்.

பலகை, வெள்ளைப் பூச்சு, தெருவிளக்கு மூன்றும் மதிப்பீட்டில் தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதது கடைசியில் வராது. இரவில் கண்ணுக்குத் தெரியாத மேடை ஆளைக் கொல்லும்.

## 6. பணம்

எங்கள் கைக்காசு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது: ஜெராக்ஸ், கட்டண வில்லைகள், ஸ்பீட் போஸ்ட், பேருந்துக் கட்டணம். யாருக்கும் ‘டீச்செலவு’ கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

கட்டுமானச் செலவு பற்றி ‘ரொம்ப ஆகும், நிதி இல்லை’ என்பார்கள். ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மீட்டர் அகலச் சாலையில், நான்கு மீட்டர் தட்டை, இருபுறமும் இரண்டு மீட்டர் சாய்வு, 10 செ.மீ. உயரம் என்றால் பழைய சாலை மட்டத்துக்கு மேலே வரும் கான்கிரீட் 4.2 கன மீட்டர். ஒரு ரெடிமிக்ஸ் லாரியின் கொள்ளளவான ஆறு கன மீட்டரைவிடக் குறைவு. சாலையைக் கொத்துவது, கம்பி, வடிகால், பூச்சு, பலகை எல்லாம் இதற்கு மேல்தான், என்றாலும் பேச்சு தரைக்கு வந்துவிடும்.

நிதிக்கு மூன்று வாசல். துறையின் சொந்தச் சாலைப் பாதுகாப்பு, பராமரிப்பு நிதி; சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்; மக்கள் மூன்றில் ஒரு பங்கு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம். ஒரு பொறி: நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் நகராட்சி வழியாகப் பணம் செலவழிக்க வேண்டுமென்றால் நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்று முதலில் கையில் இருக்க வேண்டும். நிதி ஒதுக்கியும் சான்று வராமல் மார்ச் 31 தாண்டிப் பணம் திரும்பிப் போன கதை எங்கள் பக்கத்து வார்டில் நடந்தது.

## 7. காலம்

மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று ஐந்து படி. 2 கோடிக்குக் கீழுள்ள டெண்டருக்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. மற்ற நான்கு படிகளில்தான் மாதங்கள் கரையும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய், கோப்பு எண்ணைச் சொல்லி, ‘இப்போது யார் மேசையில்’ என்று மட்டும் கேளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாலையைத் தோண்ட விடமாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகள் முடியும்வரை புதிய பணி தொடங்காது. பணி ஆணை ஏப்ரலுக்குள் கையில் இருந்தால் கோடை விடுமுறையில் வேலை முடியும். அதற்கு முந்தைய ஜூலையிலேயே மனு போயிருக்க வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் ஆத்திரப்பட்டு நீங்களே சிமென்ட் மூட்டை வாங்கி வேகத்தடை போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாத அந்த மேட்டில் யாராவது விழுந்தால் வழக்கு உங்கள் மேல். அதற்குப் பதில் காவல் துறையிடம் பேசி, பள்ளி நேரத்துக்கு மட்டும் இரண்டு பேரிகார்டை நீட்டிப்பு வரும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அதுவே ஒத்திகையானது. பேரிகார்டு வைத்த வாரத்தில் மறுபடி வேகம் அளந்தோம்: 51 என்று இருந்தது 38 ஆனது. அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்த பிறகு ‘பலன் இருக்குமா’ என்று யாரும் கேட்கவில்லை.

## 8. வேலை நடக்கும் நாட்களும் அதற்குப் பிறகும்

பாதிச் சாலையை மூடி ஒரு பக்கம், அது இறுகியதும் மறுபக்கம் என்றுதான் போடுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி ஆற விட வேண்டும். இரண்டாம் நாளே கயிற்றை அவிழ்த்து வண்டி விட்டால் விளிம்பு உதிர்ந்துவிடும். முறை வைத்து நில்லுங்கள். தண்ணீர் மட்டக் குழாயும் டேப்பும் வைத்து உயரத்தை அளந்துவிடுங்கள். எங்களுக்கு முதலில் 13 செ.மீ. வந்தது, ஈரமாக இருக்கும்போதே சொன்னதால் குறைத்தார்கள்.

வெள்ளைப் பட்டைக்குச் சாதாரண பெயிண்ட் அடிக்க வந்தால் தடுத்து, தெர்மோபிளாஸ்டிக் கேளுங்கள். கண்ணாடி மணிகள் தூவிய அந்தப் பூச்சு இரவு வெளிச்சத்தில் மின்னும்.

அடுத்த முறை தார் போட வரும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால், சாலை உயர்ந்து மேடை புதைந்துவிடும். ‘மில்லிங் செய்த பிறகே தார்’ என்று ஒரு கடிதம் இப்போதே கோப்பில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் குறைபாடு பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் வரும் விரிசலையும் தேக்கத்தையும் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் பெருமழை பெய்யும்போது குடையோடு போய், மேட்டுப்பக்கத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். நின்றால் வீடியோ எடுத்து அன்றைக்கே உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். எங்கள் கடவையில் மூடியின் துளைகளைச் சருகு அடைத்திருந்தது. இப்போது ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் எங்களில் ஒருவர் விளக்குமாறோடு போய்த் தள்ளிவிட்டு வருகிறோம்.